தொடுதிரையின் மின்செலவைக் குறைத்தல்: புதியவர்களுக்கான செயல்முறை

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கப்பட்டதிலிருந்து, மின்னணு ஆலையில் ஒருவராவது வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல உண்டு. எனினும் ஆலையில் பொருத்திச் சோதித்து அனுப்பும் வேலை வேறு. ஒரு கருவியை நாமே வடிவமைத்து, அதைப் பேட்டரியில் நாள் முழுவதும் ஓட வைப்பது வேறு. பாலிடெக்னிக் படிப்பை முடித்த இளைஞர்கள் தொடுதிரையுள்ள கருவியொன்றைச் சொந்தமாகச் செய்யத் தொடங்கும்போது, படம் காட்டுவதும் விரல் தொட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதும் ஓரிரு வாரத்தில் கைவந்துவிடுகின்றன. பேட்டரி மட்டும் மதியத்திற்குள் தீர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு கருவியை வைத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், மேசை மேசையாகச் சென்று ஆர்டர் எடுப்பதற்கான கையடக்கக் கருவி அது. 3.5 அங்குலத் திரை, மின்தேக்குத்திறன் வகைத் தொடுகைப் பலகை, அதனுடன் எஃப்டி6236 போன்ற ஒரு தொடுகைச் சிப், முதன்மைச் செயலியாக இஎஸ்பி32, 1000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி ஆகியவை அதில் இருக்கின்றன. கடை எட்டு மணி நேரம் திறந்திருக்கிறது. அந்த எட்டு மணி நேரத்தில் திரைமீது விரல் படும் நேரத்தையெல்லாம் கூட்டினால் இருபது நிமிடம் வரலாம்.

இந்த இருபது நிமிடம்தான் முழுச் சிக்கலுக்கும் திறவுகோல். விரல் படும்போது சிப் செலவழிக்கும் மின்சாரம் மொத்தக் கணக்கில் சிறிது. யாரும் தொடாத நேரத்தில், யாராவது தொடுவார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்குத்தான் பேட்டரி கரைகிறது. ஆகவே கீழ்க்காணும் படிகள் பெரும்பாலும் காத்திருப்பு நேரத்தையே குறிவைக்கின்றன.

உள்ளே நடப்பது என்ன

கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு திசையிலுள்ள கோடுகளில் சிப் மின்துடிப்புகளைச் செலுத்துகிறது. மற்றத் திசையிலுள்ள கோடுகளில் வந்துசேரும் மின்னூட்டத்தை அளக்கிறது. இரண்டும் கடக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் மிகச் சிறிய மின்தேக்குத்திறன் இருக்கும். அது பிகோஃபாரட் அளவிலானது. விரல் அருகில் வரும்போது அதில் ஒரு சிறு பங்கு குறைகிறது. இந்தக் குறைவைக் கண்டுபிடிப்பதே பரஸ்பர முறை எனப்படும் அளவீடு. இதற்கு மாறாக, ஒவ்வொரு கோட்டையும் தனியே எடுத்து, மின்சுற்றின் தரையோடு (பூச்சிய மின்னழுத்தப் புள்ளியோடு) ஒப்பிட அதன் மின்தேக்குத்திறன் எவ்வளவு கூடியது என்று பார்ப்பது சுய முறை.

இந்த வேறுபாடு மின்செலவுக்கு மிகவும் முக்கியமானது. 12 செலுத்துகோடுகளும் 8 உணர்கோடுகளும் உள்ள பலகையில், பரஸ்பர முறையில் 96 சந்திப்புகளை அளக்க வேண்டும். சுய முறையில் 20 கோடுகளை அளந்தால் போதும். பல சிப்புகளில் எல்லாக் கோடுகளையும் ஒன்றாக இணைத்து, முழுத் திரையையும் ஒரே பெரிய மின்முனையாகக் கருதி ஒரே அளவீட்டில் முடிக்கவும் வழி உண்டு. விரல் எங்கே பட்டது என்று அப்போது தெரியாது. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் நமக்குத் தேவையானது, விரல் பட்டதா இல்லையா என்ற ஒரே விடைதான்.

முதற்படி: அளந்த பிறகே கை வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், மின்சாரம் எங்கே போகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் சென்று, மூன்று நாள் உழைத்து அரை மில்லியாம்பியரைச் சேமித்துவிட்டு, பக்கத்தில் ஐந்து மில்லியாம்பியர் ஒழுகிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். திரையின் பின்னொளி பல பத்து மில்லியாம்பியர்களை எடுக்கும். அது அணையாதவரை தொடுகைச் சிப்பில் செய்யும் எந்தச் சேமிப்பும் கணக்கிலேயே தெரியாது. சோதனைப் பலகைகளில் பரவலாகக் காணப்படும் ஏஎம்எஸ்1117 மின்னழுத்தச் சீராக்கி, தன் சொந்தத் தேவைக்கே ஏறத்தாழ 5 மில்லியாம்பியரை எடுத்துக்கொள்கிறது. அதன் அருகிலுள்ள சிவப்பு எல்இடியும் யுஎஸ்பி சிப்பும் தனிச் செலவு. ஆகவே சோதனைப் பலகையில் அளந்த எண்ணைத் தொடுகைச் சிப்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தொடுகைச் சிப்புக்குப் போகும் மின்கம்பியை மட்டும் பிரித்து அளக்க வேண்டும்.

அளக்கும் கருவியும் ஏமாற்றக்கூடியது. தொடுகைச் சிப் ஒரே சீராக மின்னோட்டத்தை எடுப்பதில்லை. சில மில்லிவினாடி பாய்ந்து எடுத்துவிட்டு, பிறகு அடங்கிவிடுகிறது. சாதாரண மல்டிமீட்டர் இந்தத் துடிப்புகளுக்கு இடையே தடுமாறி, ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைக் காட்டும். மீட்டருக்கும் சிப்புக்கும் இடையே, சிப்பின் பக்கமாக 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தால், துடிப்புகளை அது தாங்கிக்கொள்ள, மீட்டர் சராசரியை நிதானமாகக் காட்டும். மின்தேக்கியின் சொந்தக் கசிவை முதலில் தனியே அளந்து கழித்துவிட வேண்டும். துடிப்பின் வடிவத்தைப் பார்க்க விரும்பினால், 10 ஓம் மின்தடையைத் தொடரில் வைத்து, அதன் இரு முனைகளுக்கு இடைப்பட்ட மின்னழுத்தத்தை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்: 10 மில்லியாம்பியர் ஓடும்போது 100 மில்லிவோல்ட் தெளிவாகத் தெரியும். துயில் நிலையின் 50 மைக்ரோஆம்பியரோ அரை மில்லிவோல்ட்டாகச் சுருங்கி மின் இரைச்சலில் மறைந்துவிடும். இரண்டையும் ஒரே கருவியில் பார்க்க வேண்டுமானால், நோர்டிக் நிறுவனத்தின் பவர் புரொஃபைலர் கிட் 2 போன்ற ஒன்று பயிற்சிக்கூடத்தில் இருப்பது நல்ல முதலீடு. பல பேர் சேர்ந்து வாங்கினால் சுமை குறையும்.

ஆசிலோஸ்கோப்பில் அந்த வடிவத்தை ஒருமுறை நேரில் பார்ப்பது பத்துப் பக்கம் படிப்பதற்குச் சமம். ஒவ்வொரு ஸ்கேனும், அதாவது பலகையை ஒருமுறை முழுதாக அளப்பதும், செங்குத்தாக எழும் ஒரு மேடு. அதன் மேல் விளிம்பில், செலுத்துகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிப்பதால் உண்டாகும் சிறு பற்கள். பிறகு நெடுந்தூரம் தட்டையான கோடு. மேட்டின் அகலம், உயரம், இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள தூரம் ஆகிய மூன்றும்தான் நம் கையிலுள்ள நெம்புகோல்கள்.

இரண்டாம் படி: கேட்டுக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள்

இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பெரும்பாலானவை, முதன்மைச் செயலி பத்து மில்லிவினாடிக்கு ஒருமுறை தொடுகைச் சிப்பிடம் சென்று, தொடுகை உண்டா என்று கேட்கும் வகையில் எழுதப்பட்டுள்ளன. இப்படி எழுதினால் தொடுகைச் சிப் தூங்கினாலும் செயலி தூங்க முடியாது. சிப்பின் இன்டரப்ட் காலை (தொடுகை நிகழ்ந்ததும் செயலிக்குச் செய்தி சொல்லும் இணைப்பு முனையை) செயலியுடன் இணைத்து, அந்தக் காலின் மின்னழுத்தம் தாழ்ந்தால் மட்டும் படிப்பதாக நிரலை மாற்றுங்கள். இஎஸ்பி32இல் ஆழ்துயிலிலிருந்து எழுப்ப, துயிலிலும் விழித்திருக்கும் ஆர்டிசி பிரிவைச் சேர்ந்த கால்களால் மட்டுமே முடியும். பலகையை வரையும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளாவிட்டால், பின்னர் கம்பி ஒட்ட நேரிடும்.

மூன்றாம் படி: காத்திருப்பு வேகத்தைத் தீர்மானியுங்கள்

இந்தப் படியில்தான் மிகுதியான சேமிப்பு இருக்கிறது. தவறு செய்தால் பயனரின் எரிச்சலும் இங்கிருந்தே வரும். ஆகவே கணக்கைப் பொறுமையாகப் போடுவோம். ஒரு முழு ஸ்கேனுக்கு 4 மில்லிவினாடி ஆகிறது, அப்போது 15 மில்லியாம்பியர் ஓடுகிறது, மற்ற நேரத்தில் 0.05 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 100 முறை ஸ்கேன் செய்தால், நேரத்தில் 40 விழுக்காடு மேட்டிலேயே கழிகிறது. சராசரி ஏறத்தாழ 6 மில்லியாம்பியர். வினாடிக்கு 25 முறையாக்கினால் சராசரி 1.5 ஆகவும், 10 முறையாக்கினால் 0.65 ஆகவும் குறைகிறது. அதே 10 முறையில், முழு ஸ்கேனுக்குப் பதிலாக எல்லாக் கோடுகளையும் இணைத்து அரை மில்லிவினாடியில் முடியும் ஒற்றை அளவீட்டைச் செய்தால், சராசரி 0.12 மில்லியாம்பியராகிவிடும். ஆறிலிருந்து 0.12 வரை, அதாவது ஐம்பது மடங்கு. வன்பொருளில் ஒரு காசு செலவில்லை.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, வினாடிக்கு ஐந்து முறை போதாதா, இரண்டு முறை போதாதா என்று ஆசை வளரும். இங்கேதான் நிற்க வேண்டும். அவசரத்தில் திரையைத் தட்டும் விரல் கண்ணாடியில் தங்கும் நேரம் பலருக்கு 100 மில்லிவினாடிக்கும் குறைவு. வினாடிக்குப் பத்து முறை பார்க்கும் சிப், இரண்டு பார்வைகளுக்கு இடையே விரல் வந்து போய்விட்டால் அதை அறியவே அறியாது. தாமதமாக அறிவது ஒரு குறை. அறியாமலே போவது அதைவிடப் பெரிய குறை. மதிய நெரிசலில் கையில் நான்கு இலைக் கணக்கை வைத்துக்கொண்டு நிற்கும் கடைக்காரர், "தம்பி, ரெண்டு தடவ தட்டுனாத்தான் இது முழிக்குது" என்று சொன்னால், அது அவருடைய பழக்கக் குறைவு அன்று. நம் ஸ்கேன் இடைவெளியின் குறை. என் பரிந்துரை இது: கடை திறந்திருக்கும் நேரத்தில் வினாடிக்கு 20 முதல் 25 முறை, ஆனால் ஒவ்வொரு முறையும் குறுகிய ஒற்றை அளவீடு. மேலே சொன்ன எண்களின்படி, வினாடிக்கு 25 முறை செய்தாலும் சராசரி 0.25 மில்லியாம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது, வேகத்தைக் குறைப்பதைவிட மேட்டின் அகலத்தைக் குறைப்பதே நல்ல பேரம். உங்கள் சிப்பில் ஒற்றை அளவீட்டு வசதி இல்லையெனில் மட்டும் வேகத்தில் கை வையுங்கள்.

எஃப்டி6236 குடும்பத்தில் இதற்கான ரெஜிஸ்டர்கள் (சிப்பின் அமைப்புகளை எழுதிவைக்கும் நினைவிடங்கள்) எளியவை. பதினறும முறையில் 86ஆம் ரெஜிஸ்டரில் 1 எழுதினால், தொடுகை இல்லாதபோது சிப் தானாகவே கண்காணிப்பு நிலைக்குச் செல்லும். எவ்வளவு நேரம் கழித்துச் செல்ல வேண்டும் என்பதை 87ஆம் ரெஜிஸ்டரும், இயங்கு நிலையின் வேகத்தை 88ஆம் ரெஜிஸ்டரும், கண்காணிப்பு நிலையின் வேகத்தை 89ஆம் ரெஜிஸ்டரும் தீர்மானிக்கின்றன. திரை விற்பனையாளர்கள் வெவ்வேறு ஃபர்ம்வேர்களை (சிப்பின் உள்நிரல்களை) ஏற்றி விற்பதால், எழுதிய மதிப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதோடு நில்லாமல், மேடுகளுக்கு இடையிலுள்ள தூரம் உண்மையில் மாறியதா என்று ஆசிலோஸ்கோப்பிலும் பாருங்கள். ரெஜிஸ்டர் ஏற்றுக்கொண்டதெல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டதாகப் பொருளில்லை.

கடை மூடிய பிறகு காத்திருக்கவே தேவையில்லை. ஏ5 ரெஜிஸ்டரில் 3 எழுதினால் சிப் ஆழ்துயிலுக்குப் போய்விடும்; அதன்பின் விரலால் எழுப்ப முடியாது, ரீசெட் காலைத் தாழ்த்தி உயர்த்தினால்தான் எழும். எழுந்து ஆதார அளவுகளை (விரல் படாதபோது வரும் அளவுகளை) சரிசெய்துகொள்ளச் சில நூறு மில்லிவினாடி ஆகும் என்பதால், இதைப் பகலில் பயன்படுத்தாதீர்கள். கருவியின் பக்கவாட்டுப் பொத்தானைக் காலையில் அழுத்துபவருக்கு அந்தத் தாமதம் தெரியாது.

ஒரு நாளைய கணக்கைப் போட்டால் வேறுபாடு கண்முன் நிற்கும். ஒரு சிப் இயங்கு நிலையில் 8, கண்காணிப்பில் 0.5, ஆழ்துயிலில் 0.05 மில்லியாம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். எப்போதும் இயங்கு நிலையிலேயே விட்டால் நாளொன்றுக்கு 192 மில்லியாம்பியர்-மணி. இருபது நிமிடம் இயங்கு நிலை, மற்ற நேரமெல்லாம் கண்காணிப்பு என்றால் 14.5. இரவின் பதினாறு மணி நேரத்தை ஆழ்துயிலுக்கு மாற்றினால் 7.3. முதல் நிலையில் தொடுகைச் சிப் மட்டுமே பேட்டரியை ஐந்து நாளில் காலி செய்துவிடும். கடைசி நிலையில் அதன் பங்கை மறந்தேவிடலாம்.

நான்காம் படி: பொய்யான எழுப்பல்களை ஒழியுங்கள்

மேசையில் நன்றாக ஓடிய கருவி கடைக்குப் போனதும் ஏன் அரை நாளில் அடங்குகிறது என்ற கேள்விக்கு, நம் ஊரில் பெரும்பாலும் ஒரே விடைதான்: ஈரம். பினாங்கின் காற்றிலேயே ஈரம் மிகுதி. குளிரூட்டிய அறையிலிருந்து கருவியைக் கடைமுன் கூரையுள்ள நடைபாதையான ஐந்தடி வழிக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் பனித்திரை படர்கிறது. கை கழுவிவிட்டு முழுவதும் துடைக்காத விரல், தே தாரிக் குவளையின் அடியில் வழிந்த துளி, மழைச் சாரல் எல்லாமே திரைக்கு வந்துசேரும்.

நீர்த்துளி செய்யும் கோளாறு இருவகை. சுய முறை அளவீட்டில், துளி ஒரு கோட்டை அதன் பக்கத்தில் தரையிடப்பட்ட கோடுகளோடு இணைத்துவிடுவதால், விரல் பட்டதுபோலவே மின்தேக்குத்திறன் கூடுகிறது. அளக்கப்படும் கோட்டின் அக்கம்பக்கக் கோடுகளையும் அதே மின்னழுத்தத்தில் ஓட்டும் வசதி உங்கள் சிப்பில் இருந்தால் அதை இயக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்போது இடையிலுள்ள துளியின் விளைவு பெரிதும் மறைந்துவிடும். பரஸ்பர முறையிலோ துளி விரலுக்கு எதிரான திசையில் மாற்றத்தைக் காட்டும். அதை மெல்ல மெல்லத் தன் ஆதார அளவாகச் சிப் ஏற்றுக்கொண்ட பிறகு யாராவது துணியால் துடைத்தால், துளி நீங்கிய இடத்தில் விரல் பட்டதாகச் சிப் நினைத்துவிடும். எதிர்த்திசை மாற்றம் பெரிதாகத் தெரியும்போது ஆதார அளவைத் திருத்தாமல் நிறுத்திவைக்கும் அமைப்பு இருந்தால், அதைத் தேடி இயக்குவது நல்லது.

ஆனாலும் பொய்யான எழுப்பலை முற்றாக ஒழிக்க முடியாது. அதன் விலையைக் குறைக்கலாம். ஒவ்வொரு எழுப்பலுக்கும் பின்னொளியோடு சேர்த்து 100 மில்லியாம்பியரில் இரண்டு வினாடி விழித்திருக்கும் கருவி, நாளில் 500 முறை வீணாக எழுந்தால் 28 மில்லியாம்பியர்-மணி போய்விடும். மூன்றாம் படியில் பாடுபட்டு 7.3க்குக் கொண்டுவந்த செலவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இங்கே ஒழுகுகிறது. அதற்குப் பதிலாக, எழுந்த செயலி பின்னொளியைத் தொடாமல், முதலில் தொடுகைச் சிப்பிடமிருந்து ஆயத்தொலைவுகளை மட்டும் படிக்கட்டும். அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன்களில் ஒரே இடத்தில், விரல் அளவேயுள்ள பரப்பில் தொடுகை நிலைத்திருந்தால் மட்டும் திரையை ஏற்றட்டும். இந்தச் சரிபார்ப்பு 40 மில்லியாம்பியரில் சராசரியாக 25 மில்லிவினாடி எடுத்தாலும், 500 முறைக்கும் சேர்த்து 0.14 மில்லியாம்பியர்-மணிதான். இதற்குச் செயலி விரைவாக எழ வேண்டும். இஎஸ்பி32இன் ஆழ்துயில் 10 மைக்ரோஆம்பியர் அளவில் இருந்தாலும், எழும்போது நிரலை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இலேசான துயிலோ ஏறத்தாழ 0.8 மில்லியாம்பியரை எடுத்தாலும் ஒரு மில்லிவினாடி அளவிலேயே எழுந்துவிடும். பகலில் இலேசான துயில், இரவில் ஆழ்துயில் என்று பிரித்துக்கொள்வதே இந்தக் கருவிக்குப் பொருந்தும்.

ஐந்தாம் படி: கம்பிகளில் ஒழுகுவதை அடைத்துவிடுங்கள்

தொடுகைச் சிப்பும் செயலியும் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஐ2சி கம்பிகளில் இருக்கும் 4.7 கிலோஓம் மின்தடைகள், கம்பி தாழ்ந்திருக்கும் ஒவ்வொரு கணமும் 3.3 வோல்ட்டில் 0.7 மில்லியாம்பியரை விடுகின்றன. தகவல் ஓடும்போது அது தவிர்க்க முடியாதது. ஆனால் செயலி தூங்கும்போது அந்தக் கால்களில் ஒன்றைத் தாழ்ந்த நிலையில் விட்டுவிட்டால், தொடுகைச் சிப்பின் காத்திருப்புச் செலவைவிட அதிகம் அங்கே வீணாகும். தூங்குமுன் ஒவ்வொரு காலும் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிச் சரிபாருங்கள். ஒவ்வொரு தொடுகைக்கும் எல்லா ரெஜிஸ்டர்களையும் படிக்காமல், முதலில் எத்தனை விரல்கள் என்பதைப் படித்து, தேவையானதை மட்டும் 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் எடுங்கள்.

இன்னொரு பொறி உண்டு. இரவில் தொடுகைச் சிப்பின் மின்வழியையே துண்டித்துவிட்டால் செலவு பூச்சியமாகும் என்று தோன்றும். ஐ2சி மின்தடைகள் வேறு மின்வழியில் உயிரோடு இருந்தால், சிப்பின் கால்களிலுள்ள பாதுகாப்பு டயோடுகள் வழியாக மின்சாரம் பின்புறமாக உள்ளே நுழைந்து, சிப்பை அரைகுறையாக உயிர்ப்பித்துவிடும். அது காலையில் ஒழுங்காக எழாது, செலவும் குறையாது. துண்டிப்பதானால் அந்த மின்தடைகளையும் அதே வழியில் சேர்த்துத் துண்டியுங்கள். ஆழ்துயில் நிலை சிப்பில் இருக்கும்போது துண்டிப்பதற்கான தேவை அரிதாகவே வரும்.

ஆறாம் படி: செலுத்து மின்னழுத்தமும் இரைச்சலும்

செலுத்துகோடுகளை மின்னேற்றி இறக்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் அந்தப் பகுதியின் செலவு கால்பங்காகும். ஆனால் சமிக்ஞையும் பாதியாகிறது. இரைச்சல் மாறாத நிலையில், இழந்த தெளிவை மீட்கச் சிப் நான்கு மடங்கு அளவீடுகளைச் சராசரி எடுக்க வேண்டியிருக்கும். மேட்டின் உயரம் குறைந்து அகலம் கூடிவிடும். ஆகவே முதலில் இரைச்சலைக் குறையுங்கள்: திரைக்கும் தொடுகைப் பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளி, நாடாக் கம்பி பின்னொளியின் மின்சுற்றுக்கு அருகே ஓடுகிறதா என்பது, திரை படத்தைப் புதுப்பிக்காத இடைவேளையில் ஸ்கேன் செய்ய முடியுமா என்பது ஆகியவற்றைப் பாருங்கள். இரைச்சல் அடங்கிய பிறகு சராசரி எண்ணிக்கையைக் குறைத்தால், சேமிப்பு தானாகக் கிடைக்கும்.

மின்தடை வகைத் தொடுதிரை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலைகளில் பாதி இல்லை. எக்ஸ்பிடி2046 போன்ற சிப்புகளில், கட்டளையின் கடைசி இரண்டு பிட்டுகளையும் பூச்சியமாக வைத்தால், அளவீடுகளுக்கு இடையே சிப் துயின்றுகொண்டு, பேனா இன்டரப்ட் காலை மட்டும் விழிப்பாக வைத்திருக்கும். அழுத்தினால்தான் மின்சாரம் ஓடும். ஈரமான கைகள் மிகுந்த கடைக்கு, ஒற்றை விரல் தட்டல் மட்டும் போதுமென்றால், அந்தப் பழைய வகையை எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

கடைசிப் படி: பேட்டரியில், இடத்தில் வைத்துச் சோதியுங்கள்

பணிமேசையில் மின்வழங்கியோடும் யுஎஸ்பி கம்பியோடும் இணைந்திருக்கும் கருவிக்குத் தரைத்தொடர்பு நன்றாக இருக்கும். விரலின் சமிக்ஞையும் வலுவாக இருக்கும். கம்பியைக் கழற்றி, பிளாஸ்டிக் மேசைமீது பேட்டரியில் வைத்தால் அதே விரல் மங்கலாகத் தெரியும். மேசையில் பார்த்து இறுக்கமாக வைத்த வரம்பு (எவ்வளவு மாற்றத்தைத் தொடுகையாகக் கொள்வது என்ற அளவு) அப்போது தொடுகையைத் தவறவிடும். ஆகவே எழுப்பும் வரம்பைப் பேட்டரியில் மட்டும் ஓடும்போது, கருவியைக் கையில் எடுக்காமல் கிடந்தபடியே தட்டி முடிவு செய்யுங்கள். மலிவான சார்ஜரில் போட்டிருக்கும்போது வரும் இரைச்சலுக்காக வரம்பைக் கூட்ட வேண்டாம். சார்ஜர் இணைந்திருப்பதை நிரல் அறிந்து, அந்த நேரத்தில் மட்டும் சராசரி எண்ணிக்கையைக் கூட்டட்டும். அப்போது மின்சாரத்தைச் சேமிக்கும் தேவையும் இல்லை.

நிரலில் இரண்டு எண்ணிகளை வையுங்கள்: கருவி எத்தனை முறை எழுந்தது, அவற்றில் எத்தனை முறை உண்மையான பொத்தான் அழுத்தத்தில் முடிந்தது. கடை மூடும் நேரத்தில் இரண்டையும் பேட்டரி மின்னழுத்தத்தோடு சேர்த்து ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள். மழை நாளில் முதல் எண் மட்டும் தாவினால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். இரண்டும் நெருங்கியிருந்தும் பேட்டரி வேகமாக இறங்கினால், ஐந்தாம் படியில் எழுதிய கால்களின் பட்டியலை எடுத்து மீண்டும் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்.